அந்த வசனத்தைப் பற்றி முதலில் தனியாகப் பேசுங்கள்

வணக்கம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சிட்காமில் (டிவி நகைச்சுவைத் தொடரில்) வேடம் கிடைத்திருக்கிறது, ஆனால் தேவாலயத்தைக் கேலி செய்யும் வசனம் ஒன்று உறுத்துகிறது, அரசியலில் நீங்கள் பழமைவாதி என்பதையும் மறைக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வசனத்துக்கு வழி இருக்கிறது. பார்வையாளர்கள் முன் எடுக்கும் சிட்காமில் வாரம் முழுக்க வசனம் மாறிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஏஜென்ட் மூலம் ஷோரன்னரிடம் (தொடரை நடத்தும் தலைமைத் தயாரிப்பாளரிடம்) இப்போதே சொல்லிவிடுங்கள். படப்பிடிப்பு நாளில், எல்லார் முன்னாலும் வேண்டாம். 2012இல் ஆங்கஸ் டி. ஜோன்ஸ் தான் நடித்த 'டூ அண்ட் எ ஹாஃப் மென்' தொடரையே குப்பை, பார்க்காதீர்கள் என்று வீடியோவில் பேசினார். அடுத்த சீசனில் அவர் நிரந்தர நடிகராக இல்லை. அவர் மத நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அதே தொடரில் உழைத்த மற்றவர்களை அது எவ்வளவு காயப்படுத்தியிருக்கும்!

மறைக்க வேண்டாம் என்பேன். டிம் ஆலனின் 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்' தொடரின் நாயகனே பழமைவாதிதான். 2017இல் ஏபிசி சேனல் அதை நிறுத்தியது, 2018இல் ஃபாக்ஸ் சேனல் எடுத்துக்கொண்டது. நடிகை பட்ரீஷியா ஹீட்டனும் தன் பழமைவாதக் கருத்தை மறைக்காமலேயே 'தி மிடில்' தொடரில் 2009 முதல் 2018 வரை நடித்தார். நடிகை ரோசன் பாரின் கதை வேறு: 2018இல் அவர் தொடரை நிறுத்த வைத்தது அவர் போட்ட இனவெறி ட்வீட். அதைக் காட்டி உங்களை யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

அப்புறம், ஊழியரின் அரசியல் செயல்பாட்டை முதலாளி கட்டுப்படுத்தக் கூடாது என்று கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டம் 1101, 1102 பிரிவுகள் சொல்கின்றன. நடிகர் தேர்வுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றா? அதைச் சொன்னால் மேலே பேசலாம்.