மகளை மருத்துவம் படிக்க ஜார்ஜியா அனுப்பலாமா?

நீட்டில் தேறியும் அரசு சீட்டுக்கு மதிப்பெண் போதவில்லை, ஏஜென்ட் ஜார்ஜியா என்கிறார், அனுப்புவதா இன்னொரு வருடம் படிக்க வைப்பதா என்று அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்.

இன்னொரு வருடம் கொடுங்கள், ஐயா. நான் ரஷ்யாவில் படித்து, இப்போது சேலத்தில் மருத்துவராக இருக்கிறேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு, மறந்துவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் படிப்பு மட்டம் என்று சொல்ல மாட்டேன். உடற்கூறியல் எந்த ஊரிலும் ஒன்றுதான். வித்தியாசம் வார்டில்தான் தெரியும். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், நோயாளி அந்த ஊர் மொழியில் பேசுவார். "எங்கே வலிக்குது, எப்போதிலிருந்து" என்று நாமாகக் கேட்டுப் பழக முடியாமல் வருடங்கள் ஓடிவிடும்.

இங்கே ஏற்காட்டுக் காபித் தோட்டத்திலிருந்து பாம்பு கடித்து ஒரு அம்மா வருகிறார் என்று வையுங்கள். பச்சைப் பாம்பு என்றால் மூங்கில் குழிவிரியனாக இருக்கலாம். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான், குழிவிரியனுக்குக் கேட்காது. பாம்பைப் பார்க்கவே இல்லை என்றால், கொஞ்சம் ரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது. நம் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இதைப் படிக்கும்போதே கண்ணால் பார்க்கிறார்கள். எனக்கு ஊர் திரும்பிய பிறகுதான் வாய்த்தது.

சரி, அனுப்புவது என்றே முடிவானால் ஏஜென்டிடம் ஃபீஸுக்கு முன்னால் விதியைக் கேளுங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கிலவழி. அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி. அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவுசெய்யத் தகுதியும் வேண்டும். மொத்தமும் சேர்ந்த நாளிலிருந்து 10 வருடத்துக்குள். திரும்பியதும், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தகுதித் தேர்வு, 300 கேள்விக்கு 150 சரியாக இருக்க வேண்டும். கூடப் படித்த எத்தனையோ பேர் அங்கேதான் தடுக்கி நிற்கிறார்கள். அதைத் தாண்டினாலும் இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி. வீட்டுக் கடனோ நகையோ வைப்பதாக இருந்தால் இந்த வருடங்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம், முன்பணம் கட்டுவதற்கு முன் அதே கல்லூரியில் முடித்துவிட்டு இங்கே பயிற்சியில் இருக்கும் ஒருவரிடம் மகளைத் தனியாகப் பேச விடுங்கள். ஏஜென்ட் கொடுக்கும் நம்பர் வேண்டாம், நீங்களே விசாரித்துக் கண்டுபிடியுங்கள்.