பாயின்ட் 22 பிஸ்டலின் டிரிகர்: ஐந்து கேள்விகள்

டிரிகரை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு ஐந்துக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எதைச் செய்வதானாலும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் இழுத்து, சேம்பருக்குள், அதாவது தோட்டா உட்காரும் அறைக்குள், கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை வைத்தும் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும்.

டெக்சஸில் இருக்கிறேன். ரூகர் மார்க் 4 டார்கெட் வைத்திருக்கிறேன். டிரிகர் கனமாகவும் கரகரவென்றும் இருக்கிறது. வோல்குவார்ட்சன் கம்பெனியின் டிரிகர் பாகங்கள் அடங்கிய கிட் போடலாமா?

தாராளமாகப் போடலாம். உங்கள் பிஸ்டலின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ, கம்பெனியில் இருந்து வரும் டிரிகரை இழுக்கச் சுமார் 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ விசை வேண்டும். துப்பாக்கியின் எடையைவிட இரண்டு மடங்கு விசையை ஒரே விரலால் கொடுக்கும்போது குழல் நகராமல் இருக்குமா? கிட்டில் வரும் சியர், அதாவது டிரிகரை இழுக்கும் வரை ஹேமரை (அடிக்கும் சுத்தியலை) பிடித்து நிறுத்தும் பாகம், துல்லியமாக அரைத்து வருவதால், இழுக்கும் எடை குறைவதோடு அந்தக் கரகரப்பும் போய்விடும். எனக்கு முக்கியம் அந்த இரண்டாவதுதான். டிரிகர் எந்த இடத்தில் விடுபடும் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால் கொஞ்சம் கனமாக இருந்தாலும் சுட்டுவிடலாம், அது தெரியாத லேசான டிரிகரால் ஒரு பயனும் இல்லை.

புது டிரிகரில் இரண்டு குட்டித் திருகுகள் இருக்கும், ஒன்று விடுபடுவதற்கு முன் உள்ள வெற்று ஓட்டத்துக்கு, இன்னொன்று விடுபட்ட பின் டிரிகர் ஓடும் தூரத்துக்கு. நிறையப் பேர் கோட்டை விடுவது இந்த இரண்டாவதில்தான். பின் ஓட்டமே இருக்கக் கூடாது என்று இறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் டிரிகர் விடுபடவே விடுபடாது, அல்லது சியர் முழுசாக விலகாமல் ஹேமர் அதன்மேல் உரசிக்கொண்டு விழும். சரியாக விடுபடும் இடம் வரைக்கும் திருகைத் தளர்த்தி, அதற்கு மேலும் கால் சுற்று தளர்த்தி, திருகு தானாகத் தளராமல் இருக்க ஒரு துளி திரெட்லாக்கர் பசை வைத்து விட்டுவிடுங்கள். அப்புறம் ரேஞ்சுக்குப் போனதும் முதலில் மேகசினில் இரண்டே ரவுண்டு போட்டுச் சுடுங்கள். ஒரு இழுப்புக்கு இரண்டும் வெடித்தால் அன்றைக்குச் சுடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்த கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) கொண்டுபோக வேண்டும்.

பழையதாக வாங்கியிருந்தால் இன்னொன்றும் பாருங்கள். 2017 ஜூன் 1க்கு முன் தயாரான மார்க் 4 பிஸ்டல்களை ரூகர் திரும்ப அழைத்தது. சேஃப்டி லீவர் பாதியில் நிற்கும்போது டிரிகரை இழுத்தால், லீவரை நகர்த்தும்போது வெடிக்க வாய்ப்பு இருந்தது. அதைச் சரிசெய்யும் வேலை முடியாத துப்பாக்கியில் கிட் போட வேண்டாம்.

25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டல் சுடுகிறேன். போட்டிக்கு முன் டிரிகர் எடையைச் சோதிக்கும் வெயிட் செக்கில் என் பிஸ்டல் தவறிவிட்டது. வீட்டில் பார்த்தபோது சரியாக இருந்ததே?

இந்தப் போட்டிக்கு டிரிகர் எடை குறைந்தது 1000 கிராம் இருக்க வேண்டும், 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500. குழலை நேராக மேலே பார்க்கப் பிடித்து, தரையில் இருக்கும் எடைக்கல்லை டிரிகரில் மாட்டி மெதுவாகத் தூக்குவார்கள், மூன்று முறைக்குள் விடுபடாமல் தூக்கியாக வேண்டும். வீட்டில் ஸ்பிரிங் தராசால் சாய்வாக இழுத்துப் பார்த்தால் கணக்கு மாறும். கல்லை வெடுக்கென்று தூக்கினாலும் டிரிகர் விடுபட்டுவிடும். என் மாணவர் ஒருவர் சரியாக 1000 வைத்துக்கொண்டு வந்து இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை கை நடுங்க நடுங்கத் தூக்கித் தேறினார், அந்த நடுக்கம் அன்றைக்கு முழு மேட்ச்சிலும் போகவில்லை. 1030, 1040 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 40 கிராம் விரலுக்குத் தெரியவே தெரியாது. புல்ஸ்ஐ என்ற அமெரிக்கக் குறிசுடும் போட்டிக்காக 2 பவுண்டுக்கு வைத்த துப்பாக்கி என்றால் அது 907 கிராம்தான், இங்கே எடுபடாது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு: உங்களுக்குத் தெரிந்த லேத் பட்டறையில் பிஸ்டலைக் கொடுத்து சியரைத் தேய்க்கச் சொல்லாதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே உரிமம் வேண்டும். அதுவும் போக, சியரின் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டது என்றால் அதைத் தேய்த்துவிட்ட பிறகு சில நூறு ரவுண்டிலேயே விளிம்பு மழுங்கி, டிரிகர் தானாக விடுபடும் நிலைக்கு வந்துவிடும். மேட்ச் பிஸ்டல்களில் எடைக்கும் ஓட்டத்துக்கும் திருகு வைத்தே தருகிறார்கள், மேனுவலைப் பார்த்து அதைத் திருப்பினாலே போதும்.

ஹேமர் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டினால் டிரிகர் லேசாகும் என்கிறார்களே?

லேசாகும். தோட்டாவும் வெடிக்காது. பாயின்ட் 22இல் தனியாக பிரைமர் கிடையாது, வெடிக்கும் கலவை கேஸின், அதாவது தோட்டாக் கூட்டின், விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கிறது, ஃபயரிங் பின் அந்த விளிம்பைச் சேம்பர் ஓரத்தோடு வைத்து நசுக்கினால்தான் தீ பிடிக்கும். அதற்குப் பலமான அடி வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டினால் மேட்ச் நடுவில் டக் என்று சத்தம் மட்டும் வரும், கேஸை எடுத்துப் பார்த்தால் விளிம்பில் நகம் பட்ட மாதிரி லேசான தடம் இருக்கும். வேண்டாம்.

வெறும் சேம்பரில் டிரை ஃபயர் செய்தால், அதாவது தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகினால், கெட்டுப்போகுமா?

துப்பாக்கியைப் பொறுத்தது. மார்க் 4இல் செய்யலாம், ஆனால் ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்தும் குறுக்கு ஊசியை, சுத்தம் செய்துவிட்டுத் திரும்பப் பூட்டும்போது விட்டுவிட்டால் ஃபயரிங் பின் நேராகச் சேம்பர் ஓரத்தில் குத்திப் பள்ளம் விழும். அப்புறம் கேஸ் சிக்கும். சில பழைய பிஸ்டல்களில் அந்தத் தடுப்பே இல்லை. அவற்றுக்குச் சுவரில் அடிக்கும் மஞ்சள் நிறச் சின்ன பிளாஸ்டிக் பிளக்கைச் சேம்பரில் போட்டுப் பழகுகிறார்கள், உள்ளே சரியாக உட்கார்ந்தால் நல்ல ஏற்பாடுதான். நாலைந்து அடிக்கு ஒருமுறை கொஞ்சம் திருப்பிவிடுங்கள்.

இவ்வளவு செலவு செய்தால் ஸ்கோர் ஏறுமா?

சிலருக்கு ஏறும். 25 மீட்டர் ரேபிட் சுற்றில் கையைத் தூக்கி, குறி பார்த்து, சுட்டு முடிக்க மூன்று நொடிதான். அங்கே இரண்டு நிலை டிரிகர், அதாவது எடையை முதலில் ஒரு பங்கு, விடுபடும் இடத்தில் மிச்சம் என்று பிரித்துக் கொடுக்கும் டிரிகர், பெரிய உதவி. 1000 கிராமில் 700, 750 முதல் நிலையிலேயே கை ஏறும்போது எடுத்துவிட்டால் கடைசியில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். எடையைக் குறைக்காமல் பங்கை மாற்றி வைப்பது இது, செலவும் கிடையாது, உங்கள் பிஸ்டலில் அதற்குத் திருகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புது டிரிகருக்குப் பணம் கட்டுவதற்கு முன் ரேஞ்சில் ஒன்று செய்யுங்கள். நண்பர் ஒருவர் மேகசினில் நிஜ ரவுண்டுகளோடு டம்மி ரவுண்டுகளையும் கலந்து போட்டுத் தரட்டும், எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. டம்மி வரும்போது குழலின் நுனியைப் பாருங்கள். அசையாமல் நின்றால் கிட் வாங்குங்கள், பலன் தெரியும். நுனி கீழே இறங்கினால் வெடிப்பை எதிர்பார்த்து நீங்கள்தான் கையை அழுத்துகிறீர்கள், டிரிகர் காரணம் இல்லை. ஆர்டரை இரண்டு மாதம் தள்ளி வைத்துவிட்டு தினமும் பதினைந்து நிமிடம் வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர் செய்யுங்கள்.