மூன்றே மூன்று அடாக்ஸ்

கேள்வி: சகாராவின் அடாக்ஸ் மான் அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டுப் பண்ணைகளிலும் உயிரியல் பூங்காக்களிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறதாமே, அப்புறம் என்ன கவலை?
– வாசகி, தேனி

பதில்: இருக்கிறது. டெக்சாஸ் பண்ணைகளில் காசு வாங்கிக்கொண்டு வேட்டையாடக்கூட விடுகிறார்கள். அந்தக் கணக்கைப் பார்த்து என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

வளைகுடாவில் வேலை பார்த்த தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே ஒரு பூங்காவில் அடாக்ஸைப் பார்த்தேன். ஜூலை மாத உச்சிவெயில். முறுக்குக் கொம்பு, ஏறக்குறைய வெள்ளை உடம்பு. குளிர்காலத்தில் அதே உடம்பு சாம்பல் கலந்த பழுப்பாகிவிடும். சுவர் நிழலில் மணலைக் காலால் பறித்துக் குழியாக்கி அதில் படுத்திருந்தது. பக்கத்திலேயே தொட்டி நிறையத் தண்ணீர். நான் நின்ற அரைமணி நேரமும் அது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாலைவனத்தில் புல்லிலும் செடியிலும் உள்ள ஈரத்தை வைத்தே மாதக்கணக்கில் வாழும் பிராணி அது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை திறமையும் ஒரு சுவருக்குள் கிடக்கிறதே!

அதன் குளம்பு அகலமானது. மணலில் புதையாமல் நடக்க உதவும். ஆனால் வேகமாக ஓட உதவாது. வண்டியில் துப்பாக்கியோடு துரத்தினால் தப்ப வழியில்லை. நைஜர் நாட்டின் டெர்மிட் பகுதிதான் அதன் கடைசிப் புகலிடம். 2012-ல் அதைக் காப்பகமாக அறிவித்தார்கள். ஆனால் எண்ணெய் எடுக்க ஆட்களும் வண்டிகளும் வந்தார்கள், 2011-ல் லிபியா குலைந்தபின் ஆயுதங்களும் பரவின. 2016 மார்ச்சில் விமானத்திலும் தரையிலும் தேடியவர்கள் கண்ணில் பட்டவை மூன்றே மூன்று. மூன்றும் பயந்துபோய் ஒன்றாக நின்றனவாம்.

பண்ணையில் இருப்பவை விதைநெல் மாதிரி, அம்மா. பத்தாயத்தில் இருப்பது நல்லதுதான், வயலுக்கும் போக வேண்டுமே. சாட் நாட்டில் அதைத்தான் செய்கிறார்கள். அபுதாபியில் வளர்ந்த அடாக்ஸ்களைக் கொண்டுபோய், கொஞ்ச காலம் வேலிக்குள் பழக்கி, 2020 தொடக்கத்தில் முதல் 15-ஐத் திறந்துவிட்டார்கள். நடமாட்டத்தைக் கண்காணிக்கக் கழுத்துப்பட்டையும் உண்டு. வேலிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவை, இப்போது அந்தத் திறந்த வெளியில் குட்டியும் போட்டிருக்கின்றன.