கீழ்முதுகின் எல்4–எல்5 எலும்புகளைப் பிணைத்து பிளேட் வைத்து 3 மாதம்: அப்பா தரையில் உட்காரலாமா?

இப்போதைக்கு வேண்டாம். சம்மணம், குந்துதல், நடவுக்குக் குனிதல் மூன்றையும் தள்ளிவையுங்கள். அந்த இரண்டு எலும்பும் ஒன்றாய்க் கூடிவர 6 முதல் 12 மாதம் பிடிக்கும். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்ன பிறகுதான் வயல்.

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் போய்வந்தால் இடுப்பு இறுகுகிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் ஒரே நிலையில் உட்கார்ந்ததால். பிணைத்த இடம் வளையாது. பாரம் அதற்கு மேலுள்ள முதுகெலும்புக் கணுவுக்கும் இடுப்பு மூட்டுக்கும் போகும்.

கைப்பிடி நாற்காலியில் 20 நிமிடம் உட்காரட்டும், பிறகு திண்ணையோரம் 5 நிமிடம் நடக்கட்டும். நடந்ததும் தணிந்தால் தசை இறுக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பீடி பிடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், எலும்பு கூடுவதையே அது கெடுக்கும்.

பாதம் தொங்கினாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, காய்ச்சலோடு தையல் கசிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.