மட்டன் நின்றது, மிச்சம் எங்கே?

கேள்வி: நாங்கள் மதுரையில் இருக்கிறோம். கணவர், நான், அத்தை, ஒன்பதாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். கணவருக்குப் பிடித்தம் போக 46,000 ரூபாய் சம்பளம். புரட்டாசி விரதத்துக்காக வீட்டில் அசைவத்தை நிறுத்தினோம். மாதம் முடிந்ததும், "தை பிறக்கும்வரை இப்படியே இருந்து பார்ப்போமே" என்றார் கணவர். அன்றிலிருந்து முட்டைகூட எங்கள் சமையலறைக்குள் வருவதில்லை. மாதம் 5,000 ரூபாய் மிச்சம் என்பது அவர் கணக்கு. அதை நம்பி, ஆண்டுக்கு 60,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகள் கட்டும் காப்பீட்டுப் பாலிசி ஒன்றை உறவினரான முகவர் மூலம் இந்த மாதக் கடைசியில் எடுக்கப் போகிறார். ஆனால் என் கையில் முன்பைவிடக் குறைவாகத்தான் தங்குகிறது. ஆவணி, ஐப்பசி இரண்டு மாதச் செலவையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். என் சங்கிலி ஒன்று 30,000 ரூபாய்க்கு, 10 சதவிகித வட்டியில் அடகில் இருக்கிறது. பாலிசி எடுக்கலாமா? பிள்ளைகள் முட்டை கேட்கிறார்கள். வாங்கினால் மிச்சம் போய்விடுமா?
— வாசகி, மதுரை

பதில்: முதலில் உங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு ஒரு வணக்கம். பென்சிலில் எழுதி, தப்பை அடித்துத் திருத்தி, பிரியாணிக் கடை ரசீதைக்கூடப் பின் குத்தி அனுப்பியிருக்கிறீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சம்பளத்தைச் சரியாகச் சொல்வார்கள், செலவைக் கேட்டால் விட்டத்தைப் பார்ப்பார்கள்.

உங்கள் கணவர் சொல்லும் 5,000 ரூபாய் கற்பனை அல்ல. ஆவணி மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு ஞாயிறு மட்டன், கிலோ 900 வீதம் 1,800. மற்ற இரண்டு ஞாயிறும் நான்கு புதன்கிழமையும் கோழி, ஆறு கிலோவுக்கு 1,440. இரண்டு முறை மீன் 900. நாளுக்கு நான்கு என்று 120 முட்டை, ஒன்று ஆறரை ரூபாய் வீதம் 780. ஆக 4,920. இந்தப் பணம் இப்போது கறிக்கடைக்குப் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் கறிக்கடைக்குப் போகாத பணமெல்லாம் மிச்சம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அங்கேதான் பிசகு. குழம்பில் கறி இல்லையென்றால் வேறு ஏதோ ஒன்று இருந்தாக வேண்டுமே!

அந்த வேறு ஏதோ ஒன்று ஐப்பசிப் பக்கத்தில் இருக்கிறது. பனீர் எட்டுப் பாக்கெட் 720. காளான் 400. முந்திரியும் பாதாமும் 650. தினமும் கூடுதலாக அரை லிட்டர் பால் 660. முன்பைவிடக் கூடுதலாக வாங்கிய காய்கறி 600. இதுவரை 3,030. இதோடு நின்றிருந்தால்கூட மாதம் 1,890 ரூபாய் தங்கியிருக்கும். நிற்கவில்லை. பின் குத்திய ரசீதுக்கு வருவோம்.

நான்கு சிக்கன் பிரியாணி 880, சிக்கன் 65 ஒரு தட்டு 215, அதன்மேல் 5 சதவிகித ஜிஎஸ்டி, ஆக 1,150. மாதத்தில் இரண்டு ஞாயிறு இப்படி. "வீட்டில்தானே சைவம்" என்று கணவர் பிள்ளைகளை அழைத்துப் போனதாகவும், அத்தை மட்டும் வீட்டில் இருந்துவிட்டதாகவும் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். தவறு என்று சொல்ல நான் யார்? சாப்பாட்டு விஷயத்தில் நிதி ஆலோசகனுக்கு வேலை இல்லை. ஆனால் ஆவணியில் 240 ரூபாய்க் கோழி ஒரு கிலோ வாங்கி, மசாலா அரைத்து, ஐந்து பேர் மதியமும் சாப்பிட்டு, ராத்திரி தோசைக்கும் குழம்பு மிஞ்சியது. இப்போது நான்கு பேரின் ஒருவேளைக்கு 1,150. இரண்டு ஞாயிற்றுக்கு 2,300. அதையும் சேர்த்தால் 5,330 ரூபாய். அசைவம் சமைத்த மாதத்தைவிடச் சைவமாக இருந்த மாதத்தில் 410 ரூபாய் கூடுதல் செலவு. உங்கள் கை சொன்னது சரி.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். புரட்டாசியில் ஊரே கறியை நிறுத்துவதால் கோழி விலை இறங்கிவிடும். அந்த மாதம் நீங்கள் நிறுத்தியதால் தப்பிய செலவு, ஆவணி விலையில் கணவர் போட்ட கணக்கைவிடக் குறைவுதான். அதன்பின் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. தக்காளி எகிறும், முருங்கைக்காய் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். போதாததற்கு ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகளும் காய்கறிக் கடைக்குத்தான் வரும். காய் மலிவான தை, மாசியில் இதே பரிசோதனை வேறு மாதிரித் தெரியும். ஆகவே இந்த ஒரு மாதத்தை வைத்துச் சைவம் கட்டுப்படியாகாது என்றும் நான் சொல்ல மாட்டேன்.

இனி, எங்கே இழுத்துப் பிடிப்பது? கறி இருந்த இடத்தில் பனீரை வைத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓட்டல் பட்டியலைப் பார்த்து வரும் பழக்கம் அது. நீங்கள் வாங்கும் 200 கிராம் பனீர் பாக்கெட் 90 ரூபாய். அதில் புரதம் ஏறத்தாழ 36 கிராம். அதே 200 கிராம் கொண்டைக்கடலையில் 38 கிராம் வரை இருக்கும். கிலோ 110 ரூபாய் என்றால் அதன் விலை 22 ரூபாய். கால்வாசி விலை! மீல்மேக்கர் இதைவிடவும் மலிவு, நூறு கிராமில் பாதிக்குமேல் புரதம். முந்திரியை ஆசைக்கு வாங்குங்கள், சத்துக்கு வேர்க்கடலை போதும். மொச்சை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொள்ளு எல்லாம் அத்தைக்குத் தெரியாததா? புளிக்குழம்பில் மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு அவர் கையால் ஒருநாள் வைக்கச் சொல்லுங்கள். இரவே ஊறப்போட மறந்தால் மட்டும் சிலிண்டர் பதில் சொல்லும்.

ரேஷன் கடையில் சர்க்கரை மட்டும் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். இது எனக்குப் புரியவில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று உங்கள் அட்டைக்கு மாதாமாதம் உண்டு. வெளியே அதே பருப்புக்கு 140 கொடுக்கிறீர்கள். வரிசையில் நிற்பதற்கு வெட்கமா, நேரமில்லையா தெரியாது. சாம்பார் வாரம் நான்கு நாள் என்று ஆகிவிட்ட வீட்டில் அந்த 110 ரூபாயை விடக் கூடாது. காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பரில் திறக்கப்பட்டது உங்கள் ஊர் அண்ணா நகரில்தான். வாசலில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். காலை ஏழு மணிக்குள் போனால்தான் கீரை.

இப்படி மாற்றினால் செலவு எப்படி வரும்? பனீர் வாரம் ஒரு பாக்கெட், 360. பயறு வகைகள் 500. வேர்க்கடலை 150. கூடுதல் பாலும் காயும் பழையபடி 1,260. பிரியாணி மாதம் ஒருமுறை 1,150. அதை முழுதாக நிறுத்தச் சொன்னால் நீங்கள் நிறுத்த மாட்டீர்கள், எனக்குத் தெரியும். மொத்தம் 3,420. பழைய 4,920-இலிருந்து கழித்தால் 1,500 ரூபாய். உங்கள் வீட்டின் உண்மையான மிச்சம் இவ்வளவுதான். ரேஷன் பருப்பு இதற்குமேல் ஒரு கொசுறு.

காகிதத்தில் இருக்கும் மிச்சம் கைக்கு வர ஒரு வழி சொல்கிறேன். சம்பளம் வந்த அன்று 4,920 ரூபாயை ரொக்கமாக எடுத்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுங்கள். அசைவத்தை நிறுத்தியதால் மட்டும் வாங்கும் பொருள் எதுவானாலும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். பனீரும் அதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் அதிலிருந்து. கணவர் செல்போனில் ஸ்கேன் செய்து கட்டினால், அன்று இரவே பாட்டிலிலிருந்து அந்தத் தொகை அவர் சட்டைப்பைக்குப் போக வேண்டும். மாதக் கடைசியில் பாட்டிலின் அடியில் இருப்பதுதான் மிச்சம். போனில் போகும் பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை, பாட்டில் காலியாவது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

பாலிசிக்கு வருகிறேன். வேண்டாம். 15 ஆண்டுகளில் 9 லட்சம் ரூபாய் கட்ட ஒப்புக்கொள்கிறார் உங்கள் கணவர், இரண்டு மாதப் பரிசோதனையை நம்பி. தை பிறந்து, மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் கறிக்குழம்பு வைத்துவிட்டால் அந்தத் தவணையை யார் கட்டுவது? இடையில் நிறுத்தினால், 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளால் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பக் கிடைக்கும். ஆனாலும் தொடக்க ஆண்டுகளில் கட்டியது முழுதாக வராது. "ஜிஎஸ்டி எடுத்துவிட்டார்கள், இப்போதே போடுங்கள்" என்று முகவர் சொல்லலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு வரி இல்லை என்பது உண்மை. அந்தச் சலுகை அடுத்த மாதமும் இருக்கும். கணவரின் ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டுக்குக் காப்பு தேவை என்பதிலும் சந்தேகமில்லை. அதற்கு டேர்ம் பாலிசி இருக்கிறது, குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு. இந்த 60,000-இல் ஒரு சிறு பகுதியில் இதைவிடப் பல மடங்கு தொகைக்குக் காப்பு கிடைக்கும். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் பதற வேண்டாம். பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்தில் கொடுத்துத் திருப்பிவிடலாம், சில சில்லறைப் பிடித்தங்கள் போக மீதி வரும். உறவினர் முகம் சுளிப்பார். அடுத்த கல்யாணத்தில் பேசிக்கொள்ளலாம்.

பாட்டிலில் சேரும் 1,500-ஐ எங்கே போடுவது? அஞ்சலகத் தொடர் வைப்பில் 2023 அக்டோபரிலிருந்து 6.7 சதவிகிதம். அடகுக்கு நீங்கள் கொடுப்பது 10. வேறு எங்கும் போக வேண்டாம், நேராகச் சங்கிலிக்குப் போடுங்கள். மாதம் 1,500 வீதம் அசலும் வட்டியுமாக அடைத்து வந்தால் 22 மாதத்தில் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். இடையில் பகுதித் தொகை கட்டினால் அசலில் வரவு வைப்பார்களா என்று அடகு வைத்த இடத்தில் கேட்டு, ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள். இதில் இன்னொரு வசதி, சைவத்தைக் கைவிட்டு ஒரு மாதம் பணம் மிஞ்சாவிட்டாலும் அந்தப் பகுதித் தொகையைக் கட்டாமல் விடலாம், வட்டியை மட்டும் நிற்க விடாதீர்கள்.

என் துறை அல்ல, என்றாலும் ஒன்று. பி12 என்ற வைட்டமின் தாவர உணவில் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. அத்தை சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அந்த மாத்திரையும் நாளடைவில் பி12-ஐக் குறைக்கக்கூடியது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நினைவாகக் கேளுங்கள். கூடுதல் பால் 660 ரூபாயில் நான் கை வைக்காததற்குக் காரணம் இதுதான்.

கடைசியாக முட்டை. வாங்குவதா வேண்டாமா என்பதை நீங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், விலையை மட்டும் நான் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒன்று வீதம் மாதம் 60 முட்டை, 390 ரூபாய். மிச்சம் 1,500-இலிருந்து 1,110 ஆகும். சங்கிலி 22 மாதத்துக்குப் பதில் 31 மாதத்தில் வரும். ஒன்பது மாதம் பொறுக்க உங்களுக்குச் சம்மதமென்றால், நாளைக்கே அரைத் தட்டு வாங்கிக்கொடுங்கள்.