சூரியன் கூடியதா, சூடு கூடியதா?

அன்புள்ள ஐயா,

புலனத்தில் ஒரு செய்தி சுற்றுகிறது. சூரியனின் செயல்பாடு ஏறி இறங்கும் 11 ஆண்டுச் சுழற்சி 2024-இல் உச்சம் தொட்டதாம். பதிவிலேயே மிக வெப்பமான ஆண்டும் அதுவாம். ஆகவே பூமி சூடாவதற்குச் சூரியன்தான் காரணமாம். கோலாலம்பூர் வெயிலில் நின்று படித்தால் நம்பத்தான் தோன்றுகிறது. சூரியன் அடங்கினால் இந்தச் சூடும் தணிந்துவிடுமா?

வாசகர், செந்தூல்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு தகவலும் உண்மை, முடிவுதான் பிழை.

சுழற்சியின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே சூரிய ஆற்றல் 0.1 விழுக்காடுதான் மாறுகிறது. சூரியனை நேராகப் பார்க்கும் சதுர மீட்டருக்கு 1361 வாட். அதில் ஏறத்தாழ 1 வாட். பலர் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பூமி உருண்டை, அதில் பாதி எப்போதும் இரவு. எனவே நான்கால் வகுக்க வேண்டும். மேகமும் பனியும் திருப்பியனுப்பும் 30 விழுக்காட்டையும் கழித்தால் மிஞ்சுவது 0.18 வாட். 1750 முதல் சேர்ந்த கரியமில வாயு மட்டுமே 2 வாட்டுக்கு மேல் பிடித்து வைக்கிறது. அது இறங்குவதே இல்லை. சூரியனின் 0.18 வாட்டோ கடல் சூடேறி முடிவதற்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே உலக வெப்பநிலையில் அது காட்டும் வேறுபாடு 0.1 டிகிரி அளவே. 2024-இன் கூடுதல் சூட்டில், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவின் பங்கு இதைவிடப் பெரிது.

கூரையில் சோலார் தகடு போட்டவர்களுக்குத் தெரியும், ஒரு மேகம் கடந்தாலே மின் உற்பத்தி பாதியளவுக்கும் கீழே விழும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் 1 வாட்டைத் தரையிலிருந்து பிரித்தறிய வழியில்லை. அதனால்தான் 1978 முதல் செயற்கைக்கோள்களில் கருவி வைத்து அளக்கிறார்கள். அந்தப் பதிவில் சூரியன் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருக்கிறது. வெப்பநிலையோ முக்கால் டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. 2019 டிசம்பரில் சுழற்சி அடிமட்டத்துக்கு வந்தது. அடுத்து வந்த 2020, அதுவரை மிக வெப்பமாக இருந்த 2016-ஐக் கிட்டத்தட்ட எட்டிப்பிடித்தது.

என் பார்வையில் இதைவிட வலுவான சான்று நம் தலைக்கு மேலே இருக்கிறது. சூரியன் காரணமென்றால் தரையோடு, வளிமண்டலத்தில் மேகங்களுக்கு மேலுள்ள அடுக்கு மண்டலமும் சூடாக வேண்டும். நடப்பதோ தலைகீழ்: தரை சூடாக, அடுக்கு மண்டலம் குளிர்கிறது. ஓசோன் குறைந்தது ஒரு காரணம். அடுக்கு மண்டலத்தின் மேற்பகுதி குளிர்வதற்கு முதன்மைக் காரணம் கரியமில வாயு. கீழே வெப்பத்தைப் பிடிக்கும் அதே வாயு, அங்கே வெப்பத்தை விண்வெளிக்குக் கடத்துகிறது. சூரியனால் இந்தத் தடயத்தை விட்டுச்செல்ல முடியாது.

சூரியன் அடங்கினால்? 1645 முதல் 1715 வரை நிகழ்ந்ததுபோலச் சூரியப் புள்ளிகளே (செயல்பாடு கூடும்போது சூரியனில் பெருகும் கரும்புள்ளிகள்) அரிதான காலம் மீண்டும் வந்தாலும் தணிவது மிஞ்சிப்போனால் 0.3 டிகிரி. இப்போது பத்தாண்டுக்கு 0.2 டிகிரி ஏறுகிறது. பதினைந்தே ஆண்டுகளில் அந்தத் தணிவு கரைந்துவிடும்.