சஸ்பெண்டிலிருந்து எழுந்ததும் தகராறு செய்யும் லேப்டாப்: ரேம் மேல் பழி போடும் முன்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் பழைய லேப்டாப்பில் உபுண்டு 20.04 ஓடுகிறது. பச்சை இலை எடைக் கணக்கு முழுக்க அதில்தான். கரன்ட் போனால் மூடியைச் சாத்தி சஸ்பெண்டில் போட்டுவிடுவோம். திறந்த பிறகு சில நாள் ஒன்றும் ஆகாது. சில நாள் ஏதாவது ஒரு புரோகிராம் தானாக மூடிக்கொள்ளும். ஒருமுறை கணக்கு ஃபைலே கெட்டுப்போனது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ புரோகிராமை இரவெல்லாம் ஓட்டினோம், பிழை இல்லை. ரேமும் மாற்றியாயிற்று. பூட் ஆகும்போது "பயாஸ் பக்: சிபியு எம்டிஆர்ஆர்" என்று தொடங்கி, இத்தனை எம்பி ரேம் இழப்பு என்று ஒரு வரி வருகிறது. அதுதான் காரணமா?

பதில்: அந்த வரி காரணமில்லை. எம்டிஆர்ஆர் என்பது ரேமின் எந்தப் பகுதியை கேஷ் செய்யலாம் (வேகத்துக்காக நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம்) என்று சிபியுவுக்குச் சொல்லும் பதிவுகள். பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த புரோகிராம்) அதைக் குறைவாக எழுதிவைத்திருக்கிறது. விட்டுப்போன பகுதியைத் தொட்டால் மெஷின் ஆமை வேகத்துக்கு வந்துவிடும் என்பதால், கெர்னலே (லினக்ஸின் மையப் பகுதி) அதை ஒதுக்கிவிட்டு உங்களுக்குத் தகவல் சொல்கிறது. அந்த வரியை மறைப்பதற்காக டிஸேபிள்_எம்டிஆர்ஆர்_ட்ரிம் என்ற பூட் பாராமீட்டரைப் போடச் சொல்லி யாராவது யோசனை தந்தால் கேட்காதீர்கள். கொஞ்சம் ரேம் போனால் போகட்டும். ஆனால் அந்த வரி ஒரு துப்பு: இந்த பயாஸை எழுதியவர்கள் மெமரி விஷயத்தில் கவனமாக இருக்கவில்லை.

உங்கள் பிரச்சினை வேறு வகை. பூட் ஆகும்போது ஃபர்ம்வேர் (இங்கே பயாஸ்தான்) ஒரு மெமரி வரைபடத்தைக் கெர்னலிடம் கொடுக்கிறது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக் பதிவின் தொடக்கத்தில் "பயாஸ்-இ820" என்று வரும் வரிகள் அவை. எந்த முகவரிகள் "யூசபிள்", எவை "ரிசர்வ்ட்" என்பது அதில் இருக்கும். கெர்னல் அதை நம்பி "யூசபிள்" பக்கங்களை புரோகிராம்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் சஸ்பெண்ட், சார்ஜர் செருகுதல், ஹெச்டிஎம்ஐ கேபிள் மாட்டுதல் போன்ற நேரங்களில் சிபியு ஃபர்ம்வேரின் கோடுக்குத் தாவும். அந்தக் கோடு தான் கைவிட்டதாகச் சொன்ன இடத்திலேயே மறுபடி எழுதினால் என்ன ஆகும்? நிலத்தைப் பத்திரம் போட்டு விற்றவர் மறுநாளும் அங்கேயே மாட்டைக் கட்டுவது போலத்தான். அந்த இடத்தில் அப்போது யாருடைய டேட்டா இருந்ததோ அவர்களுக்கு நஷ்டம். அதனால்தான் ஒரு நாள் ஒன்றும் ஆகவில்லை, ஒரு நாள் கணக்கு ஃபைல் போனது. மெம்டெஸ்ட் சஸ்பெண்டுக்குப் போவதே இல்லை. அது இதைப் பிடிக்காது.

மலையில் மழைக்காலத்து ஈரத்தில் ரேமின் பித்தளை நிறக் காலில் பாசி போல் படிவதும் நடக்கிற கதைதான், ஆகவே ரேம் பழுதா, ஃபர்ம்வேர் தவறா என்று முதலில் வேறுபடுத்திப் பாருங்கள். ரேம் பழுதென்றால் பெரும்பாலும் ஒரே ஒரு பிட் புரளும், வேலை அதிகமாக ஓடும்போது வரும், சஸ்பெண்டோடு சம்பந்தம் இருக்காது. ஃபர்ம்வேர் கைவரிசை என்றால் அடுத்தடுத்த பல பைட்டுகள் மொத்தமாக மாறியிருக்கும், ஒரு குறிப்பிட்ட செயலுக்குப் பின்புதான் வரும், ஒவ்வொரு முறையும் அதே முகவரியில் வரும். ரேமில் ஓர் இடம் பழுதானாலும் அதே முகவரி வரலாம்; மூன்று அடையாளமும் சேர்ந்து கிடைத்தால்தான் ஃபர்ம்வேரை உறுதியாகச் சந்தேகிக்கலாம்.

அதுவரை கணக்கைக் காப்பாற்ற, மூடியைச் சாத்தினால் சஸ்பெண்ட் ஆகாதபடி வையுங்கள்: ஈடிசி, சிஸ்டம்டி ஃபோல்டருக்குள் லாகின்டி.கான்ஃப் ஃபைலில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச்=இக்னோர் (ஹேண்டில், லிட், ஸ்விட்ச் மூன்றின் முதல் எழுத்தும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்). கரன்ட் போனால் பேட்டரியில் ஷட்டவுன் செய்துவிடுங்கள்.

இனி எளிய வழி. உங்கள் 20.04 வந்தபோது இருந்த கெர்னல் 5.4. 2021-இல் வந்த 5.13 முதல், எக்ஸ்86 கணினிகளில் ரேமின் அடிப்பகுதி 1 எம்பியை கெர்னல் யாருக்கும் கொடுப்பதில்லை. இந்த மாதிரி பயாஸ்களால் பட்ட பாடுதான் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஃபர்ம்வேர் தவறாக எழுதும் இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எனவே 22.04-க்கோ (கெர்னல் 5.15) அதற்கு மேலோ போனாலே பலருக்கு வியாதி தீர்ந்துவிடும். கணக்கு சாஃப்ட்வேரோ எடை மெஷினின் டிரைவரோ புதியதில் ஓடாது என்றால் மட்டும் கீழே உள்ளதைச் செய்யுங்கள். (கீழே தமிழெழுத்தில் கொடுத்திருக்கும் கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில், காட்டியுள்ள இடைவெளியும் அடிக்கோடும் மாறாமல் தட்ட வேண்டும்.)

கெர்னலுக்குள் 2008 முதலே ஒரு காவல்காரன் இருக்கிறான். ரேமின் அடிப்பகுதியில் காலியாக உள்ள பக்கங்களைத் தன் பிடியில் எடுத்து, பூஜ்யத்தால் நிரப்பி, 60 விநாடிக்கு ஒருமுறை பூஜ்யமாகவே இருக்கிறதா என்று பார்ப்பான். வழக்கமாக 64 கேபி மட்டும். நமக்கு அது போதாது. பூட் மெனுவில் இ விசையை அழுத்தி, "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசியில் இவற்றைச் சேருங்கள்:

மெமரி_கரப்ஷன்_செக்=1 மெமரி_கரப்ஷன்_செக்_சைஸ்=640கே மெமரி_கரப்ஷன்_செக்_பீரியட்=10

கன்ட்ரோல்+எக்ஸ் அழுத்தி பூட் செய்யுங்கள். இந்த மாற்றம் ஒரு பூட்டுக்கு மட்டும்தான், பயமில்லை. பிறகு ஒவ்வொரு செயலையும் தனித்தனியாகச் செய்து, 10 விநாடிக்கு மேல் காத்திருந்து, டிமெசெக் பாருங்கள். முதலில் சுடோ ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 30 என்று கொடுத்தால் 30 விநாடி தூங்கித் தானே எழும். அடுத்து மூடியைச் சாத்தித் திறப்பது, பின் சார்ஜரைப் பிடுங்கிச் செருகுவது. எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும்.

மாட்டினால் "கரப்டட் லோ மெமரி அட்" என்று வரிகள் வரும். ஒவ்வொன்றிலும் அடைப்புக்குள் ஓர் எண்ணும் "ஃபிஸ்" என்ற சொல்லும் இருக்கும். அதுதான் உண்மையான முகவரி. அதற்கு முன்னால் இருக்கும் நீண்ட எண் நமக்கு உதவாது. உதாரணமாக 92340, 92348, 93010 என்று வந்தால்: இந்தப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் கடைசி மூன்று இலக்கம் ஒரு 4 கேபி பக்கத்துக்குள் இருக்கும் இடம், அதை வெட்டிவிடுங்கள். மிஞ்சுவது 92000, 93000 என்ற இரண்டு பக்கங்கள். இருபுறமும் ஒரு பக்கம் கூடுதலாக எடுத்து, 91000-இல் தொடங்கி 16 கேபியை வேலி போட்டால் போதும். நாலைந்து முறை ஓட்டியும் அதே பக்கங்கள்தான் வருகின்றனவா என்று உறுதி செய்த பிறகே வேலி.

வேலிக்கான பாராமீட்டர்: மெம்மேப்=16கே$0எக்ஸ்91000

இங்கேதான் பலர் விழுகிறார்கள். அந்த $ குறியை க்ரப் (பூட் மெனுவைக் காட்டும் புரோகிராம்) தனக்கான குறியாக நினைத்து விழுங்கிவிடும். விழுங்கினால் கெர்னல் பார்ப்பது மெம்மேப்=16கே மட்டுமே; அதன் பொருள் "மொத்த ரேமே 16 கேபி". திரை கறுப்பாக நின்றுவிடும். அப்படியானால் பதற வேண்டாம், மறுபடி ஆன் செய்து மெனுவில் இ அழுத்தி அந்தப் பாராமீட்டரை அழித்தால் எழுந்துவிடும். மெனுவில் கையால் தட்டும்போது ஒரு சாய்கோடு போதும்: \$. நிரந்தரமாக்க, ஈடிசி, டிஃபால்ட்டுக்குள் இருக்கும் க்ரப் ஃபைலில் கமாண்டுலைன் வரியில் எழுதும்போது மூன்று: \\\$. சேமித்து சுடோ அப்டேட்-க்ரப். மெனுவில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் ஃபைலில் கை வைக்காதீர்கள்.

பூட் ஆனதும் ப்ராக் ஃபோல்டரின் சிஎம்டிலைன் ஃபைலைத் திறந்து $ முழுசாக இருக்கிறதா பாருங்கள். டிமெசெக்கில் "யூசர்-டிஃபைன்ட்" வரைபடத்தில் 91000-இல் தொடங்கும் வரி "ரிசர்வ்ட்" என்று காட்ட வேண்டும். வேலிக்குள் ஃபர்ம்வேர் இனியும் எழுதும். அங்கே யாரும் குடியில்லை என்பதால் நட்டமில்லை. காவல்காரனை அப்படியே விட்டுவைக்கலாம், இடைவெளியை மட்டும் 60-க்கு மாற்றுங்கள். பாரம் ஏறக்குறைய இல்லை.

காவல்காரன் எதையும் பிடிக்கவில்லை, ஆனால் கிராஷ் தொடர்கிறது என்றால், எழுதப்படும் இடம் 640 கேபிக்கு மேலே இருக்கக்கூடும். யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதில் வந்த புதிய வகை ஃபர்ம்வேர்) மெஷின்களில் இதற்குப் பழைய வரலாறு உண்டு: பூட்டுக்கு மட்டுமென்று அறிவித்த பகுதியைப் பிறகும் தொடும் ஃபர்ம்வேர்கள். அதற்காகவே 2011 முதல் லினக்ஸ் அந்தப் பகுதியைச் சற்று நேரம் கழித்தே விடுவிக்கிறது. நீங்கள் செய்யக்கூடியது பேஜ்_பாய்சன்=1 போட்டு ஓட்டுவது. காலிப் பக்கங்களில் ஒரு அடையாள எண்ணை நிரப்பி, மறுபடி எடுக்கும்போது மாறியிருந்தால் "பேஜ்அலாக்: மெமரி கரப்ஷன்" என்று சொல்லும். புதிய கெர்னல்களில் கூடவே பிஎஃப்என் எனும் பக்க எண்ணும் வரும். அதன் பின்னால் மூன்று பூஜ்யம் சேர்த்தால் முகவரி, வேலி அதே முறைதான். மெஷின் மெதுவாகும், எனவே சோதனைக்கு மட்டும். ஹைபர்னேட்டில் மட்டும் தகராறு என்றால் அதற்கு முன் ஏசிபிஐ_ஸ்லீப்=நான்வ்ஸ் போட்டு ஒருமுறை பாருங்கள்.

பயாஸ் அப்டேட் கிடைத்தால் அதுதான் அசல் மருந்து. சுடோ எஃப்டபிள்யூஅப்டிஎம்ஜிஆர் கெட்-அப்டேட்ஸ் கொடுத்துப் பாருங்கள். பழைய மாடல்களுக்குப் பெரும்பாலும் எதுவும் வராது, தயாரிப்பாளரின் தளத்தில் தேட வேண்டியிருக்கும். இடி மின்னல் நாளில் செய்யாதீர்கள், பேட்டரி நிறைய இருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். அப்டேட் ஆனதும் மெமரி வரைபடம் மாறியிருக்கலாம், ஆகவே மெம்மேப் வரியை எடுத்துவிட்டு, காவல்காரனை 640 கேபிக்கு வைத்து முதலிலிருந்து சோதியுங்கள். பழைய முகவரிக்குப் போட்ட வேலி புதிய பயாஸுக்குப் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.